நகரப் போக்குவரத்தில் முதுகலை: டர்பனிலிருந்து படிக்கப் போகிறவர்களுக்கு

நிலைத்த நகரப் போக்குவரத்தையும் வணிகத்தையும் சேர்த்துச் சொல்லித்தரும் முதுகலைக்குப் பலரும் மின்சாரப் பேருந்து, சைக்கிள் பாதை, புகைக் குறைப்பு என்ற ஆசையில்தான் வருகிறார்கள். ஆசை நல்லதுதான். ஆனால் படிப்பைத் தாங்கி நிற்பது வணிகப் பாதி. ஒரு வண்டி ஒரு நாளில் எத்தனை மணி நேரம் சம்பாதிக்கிறது என்று கணக்குப் போடத் தெரியாவிட்டால், எவ்வளவு அழகான திட்டம் எழுதினாலும் நகராட்சிக் கருவூலத்தில் அது தேறாது.

முதலில் சேர்க்கை. தென்னாப்பிரிக்காவில் முதுகலை என்பது தேசியத் தகுதி வரிசையில் 9ஆம் நிலைத் தகுதி, 180 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்குப் பத்து மணி நேர உழைப்பு என்று கணக்கு. ஆக 1,800 மணி நேரம். இதில் சேர 8ஆம் நிலைத் தகுதி வேண்டும்: மூன்றாண்டு இளங்கலைக்குப் பின் ஓராண்டு படிக்கும் ஆனர்ஸ், முதுநிலை டிப்ளமா, அல்லது நான்காண்டு இளங்கலை. மூன்றாண்டு பி.காம். முடித்த கையோடு விண்ணப்பிப்பவர்கள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். ஐரோப்பாவில் பொதுவாக மூன்றாண்டு இளங்கலையே போதும். இரண்டு ஆண்டு, 120 ஐரோப்பிய கிரெடிட்.

இனி அந்தக் கணக்கு. டர்பனின் புறநகரான சாட்ஸ்வொர்த்திலிருந்து நகருக்குள் ஒரு தடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்கள் எல்லாம் உதாரணத்துக்கு. காலைக் கூட்ட நேரத்தில் ஒரு மணிக்கு 900 பேர் ஒரே திசையில் போகிறார்கள். ஒரு பேருந்தில் நிற்பவர்களையும் சேர்த்து 60 பேர். மணிக்கு 15 பேருந்து, அதாவது நாலு நிமிடத்துக்கு ஒன்று. போய், திரும்பி, கடைசி நிறுத்தத்தில் நிற்பது உட்பட ஒரு சுற்றுக்கு 80 நிமிடம். எண்பதை நாலால் வகுத்தால் 20 வண்டி. பழுதுக்கு மாற்று இரண்டு. மொத்தம் 22.

மதியம் பதினொரு மணிக்கு? மணிக்கு 180 பேர்தான். நெரிசல் இல்லாததால் சுற்று 60 நிமிடத்தில் முடிகிறது. கால் மணிக்கு ஒன்று விட்டால் நாலு பேருந்து போதும். மீதி 18 வண்டி பணிமனையில் நிற்கிறது. தவணை நிற்பதில்லை, காப்பீடு நிற்பதில்லை, காலையும் மாலையும் வேலை பார்க்கும் ஓட்டுநரின் சம்பளமும் நிற்பதில்லை. காலையில் நிரம்பிப் போன வண்டி திரும்பும்போது ஏறக்குறைய காலியாக வருவது தனி நஷ்டம்.

தனிப் பாதையில் ஓடும் விரைவுப் பேருந்து பற்றிய பாடத்தில் கொலம்பியாவின் பொகோட்டாதான் முதல் உதாரணமாக வரும். அந்த ஊர் நெருக்கமானது. வழிநெடுக ஆட்கள் ஏறி இறங்குவதால் ஒரே இருக்கைக்கு ஒரே ட்ரிப்பில் பல முறை கட்டணம் வசூலாகும். இங்கே சாட்ஸ்வொர்த்தில் ஏறியவர் நகரம் வரை எழுந்திருக்கமாட்டார். இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த 1950ஆம் ஆண்டின் குழுப் பகுதிச் சட்டம் இந்திய வம்சாவளியினரான நம்மவர்களை நகருக்கு வெளியே சாட்ஸ்வொர்த்துக்கும் பிறகு ஃபீனிக்ஸுக்கும் தள்ளி வைத்தது. அந்தத் தூரத்துக்கான டீசல் இன்றைக்கும் பேருந்துக் கணக்கில் ஏறிக்கொண்டிருக்கிறது. பொகோட்டாவின் எண்களை அப்படியே டர்பனுக்கு எடுத்து வந்து செய்த ஆய்வேட்டை நம்பாதீர்கள்.

தனிப் பேருந்துத் தடத்தின் பலனை இந்தக் கணக்கில்தான் காட்ட வேண்டும். தடம் போட்டுச் சுற்று 80 நிமிடத்திலிருந்து 60 ஆகக் குறைந்தால், அதே நாலு நிமிட இடைவெளிக்கு 15 வண்டி போதும். ஐந்து பேருந்தின் விலையும் ஓட்டுநர் சம்பளமும் மிச்சம். பயணிக்கு மிச்சமாகும் நேரத்தை மட்டும் எழுதிவிட்டு இதை விட்டுவிடுவது மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை.

மதியம் வண்டி சும்மா நிற்கும் சிக்கலை மினிபஸ் டாக்ஸி வேறு விதமாகச் சமாளிக்கிறது. பேருந்துக்கும் ரயிலுக்கும் கிடைக்கும் இயக்க மானியம் அதற்கு இல்லை. 15 பயணி ஏறும் சின்ன வண்டி (நம்ம ப்ராஸ்பெக்டன் ஆலையில் தயாராகும் டொயோட்டா செஸ்ஃபிகிலேதான் எங்கும்), நிரம்பும் வரை ரேங்கில், அதாவது டாக்ஸி நிலையத்தில், காத்திருக்கும், மதியம் சும்மா நின்றாலும் பேருந்து அளவுக்கு இழப்பில்லை. நாட்டின் பொதுப் போக்குவரத்துப் பயணிகளில் பெரும்பாலோர் இதில்தான் போகிறார்கள். இதை ‘முறைசாராத் துறை’ என்று ஒரு பத்தியில் முடித்துவிடும் பாடத்திட்டம் என் பார்வையில் பாதிப் பாடத்திட்டம்தான்.

மினிபஸ் டாக்ஸியை ஆய்வுக்கு எடுத்தால் தரவை நீங்களேதான் சேகரிக்க வேண்டும். சாலையோரம் ஓர் இடத்தில் இரண்டு பேர் நின்று, கால் மணி நேரப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு வண்டியின் நேரம், நம்பர் பிளேட்டின் கடைசி மூன்று இலக்கம், காலியா, பாதியா, நிறைந்ததா என்று குறிக்க வேண்டும். ஒருவர் பார்த்துச் சொல்ல, மற்றவர் எழுத வேண்டும். தனியாக நின்றால் நெரிசலில் வண்டிகள் தவறும். கூடவே சில வண்டிகளில் ஏறிப் போய், ஜி.பி.எஸ். ஓடும் கைபேசியோடு எங்கே எத்தனை பேர் ஏறி இறங்கினார்கள் என்று பதிய வேண்டும். நாள் செவ்வாய் முதல் வியாழன் வரை. பள்ளி விடுமுறை, மழை நாள், மாதத் தொடக்கத்தில் அரசு உதவித்தொகை வரும் நாட்கள் வேண்டாம். ஈஸ்டர் வாரம் கூடவே கூடாது. அப்போது டர்பனுக்குத் தெற்கே இசிபிங்கோ மாரியம்மன் கோயிலில் நடக்கும் திருவிழாக் கூட்டம் தெற்குத் தடங்களின் எண்ணைத் தூக்கிவிடும்.

இதைக் கணினியில் ஏற்றும்போது, பொதுப் போக்குவரத்துத் தடங்களையும் நேரங்களையும் பதியும் ஜி.டி.எஃப்.எஸ். என்ற கோப்பு வடிவத்தில் ஒரு சிக்கல் வரும். அது முதல், கடைசி நிறுத்தங்களுக்காவது நேரம் கேட்கும். டாக்ஸிக்கு நேர அட்டவணை கிடையாது. இல்லாத நேரத்தைக் கற்பனையாக எழுதாமல், ‘ஃப்ரீக்வென்சீஸ்’ கோப்பில் இந்த மணியிலிருந்து இந்த மணி வரை எத்தனை விநாடிக்கு ஒரு வண்டி என்று கொடுங்கள். ‘எக்ஸாக்ட் டைம்ஸ்’ கட்டத்தில் பூஜ்யம் இருக்கட்டும்.

மின் வண்டி பற்றி எழுதுகிறவர்களுக்கு அந்த மதிய நேரம்தான் புதையல். வண்டி நிற்கும் நேரமும் சூரிய மின்சாரம் பெருகும் நேரமும் ஒன்றாக வருகின்றன. எத்தனை சார்ஜர் வேண்டும் என்பதை மொத்த வண்டி எண்ணிக்கையை வைத்துப் போடாமல், ஒரே சமயத்தில் எத்தனை நிற்கும் என்பதை வைத்துப் போடுங்கள்.

அனுமதி இரண்டு வேண்டும்: பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவினுடையது ஒன்று, டாக்ஸிச் சங்கத்தினுடையது இன்னொன்று. சங்கத் தலைவர் சரி சொன்ன பிறகும் நகர மையத்தில் உள்ள வார்விக் ரேங்கில் வரிசையைப் பார்க்கும் மார்ஷலிடம் நேரில் போய்ச் சொல்லாமல் பலகையும் பேனாவுமாக நின்றால், போக்குவரத்துப் போலீஸ் என்று நினைத்து ஓட்டுநர்கள் வண்டியை வேறு பக்கம் திருப்பிவிடுவார்கள், அன்றைய எண்ணிக்கை வீண். நெறிமுறைக் குழு திருத்தம் கேட்டுத் திருப்பி அனுப்புவது சகஜம் என்பதால் விண்ணப்பத்தை முதல் பருவத்திலேயே போட்டுவிடுங்கள்.