பதினைந்தாம் நாள்

“தாளில் சரி என்றுதான் இருக்கிறது, பாட்டி.”

ஏழு ஆண்டுகளுக்கு முன்பு நான் சொன்ன வார்த்தை இது. இன்றும் செம்பனைக்காட்டுச் சாலையில் வண்டி ஓட்டிப் போகும்போது என்னையறியாமல் வாய் அதை முணுமுணுக்கிறது.

பிரசவித்த தாயையும் குழந்தையையும் தாதியான நான் வீட்டுக்கே போய்ப் பார்க்கும் முறையில், அன்று பதினைந்தாம் நாள் பார்வை. தோட்டத் தொழிலாளர் லயத்தில் அன்று எனக்கு அது நான்காவது வீடு. தாயின் தையலைப் பார்த்தேன், குழந்தையை நிறுத்தேன். எடை பிறந்த எடையைத் தொட்டிருந்தது, அதற்கு மேல் ஏறவில்லை. நெற்றியை விரலால் அழுத்தி எடுத்தபோது மஞ்சள் இலேசாகத் தெரிந்தது. பாட்டி அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

“மிஸ்ஸி, இவன் பாலுக்கு அழுவதே இல்லை. நாங்கள்தான் எழுப்பி எழுப்பிக் கொடுக்கிறோம். மஞ்சளும் விடவில்லை.” பிறகு மருமகளுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினார். “ஆண்பிள்ளைக்கு அதுவும் மிகச் சிறிதாக இருக்கிறது.”

நான் குழந்தையின் புத்தகத்தைப் புரட்டினேன். தொப்புள்கொடி ரத்தத்தில், தைராய்டு சுரப்பியைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். 5.2, இயல்பான அளவு. அதற்குப் பிறகுதான் அந்த வார்த்தை. ஐந்து நாள் கழித்து வருகிறேன் என்றேன். “சரி, மிஸ்ஸி” என்றார் பாட்டி. அவர் எதிர்த்து ஒரு சொல் சொல்லியிருந்தால் இன்று எனக்குச் சற்று இலகுவாக இருந்திருக்கும்.

பதினெட்டாம் நாள் அவர் தாமாகவே பேரனைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிப் பெரிய மருத்துவமனைக்குப் போயிருக்கிறார். அங்கே காத்திருக்கும்போதே குழந்தைக்கு வலிப்பு வந்தது. ரத்தத்தில் சர்க்கரை மிகவும் இறங்கிவிட்டிருந்தது. வளர்ந்தவர்களுக்கு மூளையின் அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, இவனுக்குச் சரியாக வளரவே இல்லை.

நான் பார்த்த தாள் பொய்யானதல்ல. இதை என் பக்கத்து நியாயமாகவே சொல்கிறேன். நம் மலேசியாவில் 1998 முதல் நடக்கும் அந்தக் கொடி ரத்தப் பரிசோதனை எத்தனையோ பிள்ளைகளின் மூளையைக் காப்பாற்றியிருக்கிறது. தைராய்டு சுரப்பி பழுதாகி அதன் ஹார்மோன் குறைந்தால், பிட்யூட்டரியில் அந்த ஹார்மோனின் செய்தியை வாங்குவதற்கென்று உள்ள ஏற்பிகள் காலியாகக் கிடக்கும். உடனே பிட்யூட்டரி, தைராய்டைத் தூண்ட டி.எஸ்.எச்.சை அள்ளிக் கொட்டும். அந்த ஏற்றத்தைத்தான் பரிசோதனை பிடிக்கிறது. பிறந்த அரை மணி நேரத்துக்குள் நல்ல குழந்தைக்கும் டி.எஸ்.எச். 60, 70 என்று பொங்கிவிடும் என்பதால்தான் கொடியிலேயே ரத்தம் எடுக்கிறோம். ஆனால் பிட்யூட்டரியே பழுது என்றால்? அள்ளிக் கொட்ட ஆள் இல்லை. எண் அழகாக இருக்கும், குழந்தை உறங்கிக்கொண்டே இருக்கும்.

பாட்டி தாழ்ந்த குரலில் சொன்னதற்கும் காரணம் அங்கேதான் இருந்தது. கருவின் முதல் மூன்று மாதங்களில் நஞ்சுக்கொடியின் ஹார்மோனே ஆணுறுப்பை உருவாக்கிவிடுகிறது. அதன்பிறகு அது வளர, கருவின் பிட்யூட்டரி தன் ஏற்பிகளால் அதற்கு மேலே மூளையில் உள்ள ஹைப்போதலாமஸின் கட்டளையைப் பெற்றுத் தானே ஹார்மோன் சுரக்கவேண்டும். ஆகவே உறுப்பு பழுதில்லாமல் உருவாகியிருந்தது, வளரத்தான் இல்லை. நோயின் பெயரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பாட்டி என்னிடம் சொல்லிவிட்டிருந்தார்.

பின்னாளில் ஒரு பயிற்சி வகுப்பில் எலிகளைப் பற்றிய ஓர் ஆய்வைக் கேட்டேன். டி.எஸ்.எச்.சைத் தூண்டும் டி.ஆர்.எச். என்னும் ஹார்மோன் அறவே இல்லாத எலிக்குட்டிகள் பிறக்கும்போது, அவற்றின் பிட்யூட்டரியில் டி.எஸ்.எச். சுரக்கும் செல்கள் இயல்பாகவே இருக்குமாம். பிறந்தபிறகுதான் குறையத் தொடங்குமாம். கருவில் டி.ஆர்.எச்.சின் ஏற்பிக்குச் செய்தி எதுவும் வராமலே வேலை நடக்கிறது, வெளியே வந்தபின் அந்தச் செய்தி இல்லாமல் நடப்பதில்லை. அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. பாட்டி பதினைந்தாம் நாளைப் பற்றிக் கேட்டார், நான் பிறந்த நிமிடத்துத் தாளைக் காட்டிப் பதில் சொன்னேன்.

இவன் நிலை அந்த எலிகளின் நிலை அல்ல என்று எனக்குத் தெரியும். இவனுக்குச் சுரப்பியே சிறுத்திருந்தது. ஆனாலும் அந்த எலிக்குட்டிகளை விட மனம் வரவில்லை. ஒருவேளை, “அப்போது யாருக்குத்தான் தெரிந்திருக்கும்” என்று சொல்லிக்கொள்ள அவை உதவுகின்றனவோ என்னவோ. உண்மையில் எனக்கு எலி தேவைப்பட்டிருக்காது. நிறைமாதக் குழந்தைக்குப் பதினான்கு நாளைத் தாண்டியும் மஞ்சள் இருந்தால் மருத்துவமனைக்கு அனுப்பவேண்டும் என்பது விதி. ஒரே ஒரு நாள்தானே தாண்டியிருக்கிறது என்று நினைத்தேன். இன்னும் மூன்று வீடுகள் இருந்தன. மழை வேறு கட்டிக்கொண்டு வந்தது. இவையெல்லாம் காரணங்கள்தாம், ஆனால் மருத்துவமனையில் அந்தப் பாட்டியின் முகத்துக்கு நேராக இவற்றில் ஒன்றையும் என்னால் சொல்ல முடியவில்லை.

பிட்யூட்டரி பழுதால் குறைந்திருந்த கார்ட்டிசோல் என்னும் ஹார்மோனுக்கு முதலில் மருந்து கொடுத்துவிட்டுத்தான், தைராய்டு ஹார்மோனான தைராக்சினைத் தொடங்கினார்கள். மாத்திரையைப் பொடித்துத் தாய்ப்பாலில் கரைத்துக் கரண்டியில் ஊட்டும் வேலையைப் பாட்டி எடுத்துக்கொண்டார். பையன் இப்போது தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு படிக்கிறான். எழுத்துக் கூட்டுவதில் சற்றுப் பின்தங்குகிறான். அந்த வலிப்பாலா, தைராய்டு ஹார்மோன் தாமதமாகக் கிடைத்ததாலா, அல்லது அவன் இயல்பே அதுவா? மருத்துவரிடம் இரண்டு முறை கேட்டேன். பிரித்துச் சொல்ல இயலாது என்றார். என் மூன்று நாளுக்கு அதில் எவ்வளவு பங்கு என்று நானாகத்தான் கூட்டிக் கழித்துப் பார்க்கிறேன். கணக்கு ஒவ்வொரு முறையும் வேறாக வருகிறது.

அதன்பிறகு உறங்கும் பிள்ளை, மஞ்சள் விடாத பிள்ளை என்று யார் சொன்னாலும் உடனே எழுதி அனுப்பிவிடுகிறேன். அனுப்பியவர்களில் பெரும்பாலானோர் ஒன்றுமில்லை என்றுதான் திரும்பி வருகிறார்கள். போன மாதம் அப்படிப் போய் வந்த ஒரு தாய்க்கு வீட்டுக்காரரின் இரண்டு நாள் சம்பளம் போய்விட்டது. “தாளில் சரி என்றுதானே இருந்தது, மிஸ்ஸி” என்றாள். குரலில் கோபமில்லை, களைப்புதான் இருந்தது. நாளை அந்த வீட்டுக்கு மறுபடியும் போகவேண்டும். பிள்ளையின் எடை இன்னும் சரியாக ஏறவில்லை.