இவான் இலியிச்சின் நாற்காலி

பிப்ரவரி 3

எங்கள் பிரிவில் வேலை பார்த்த ஒருவர் தவறிவிட்டார். மாலை வாங்கிக்கொண்டு மூன்று பேர் ஒரே ஆட்டோவில் போனோம். மேம்பாலம் ஏறுவதற்குள் அவர் சீட்டுக்கு யார் வருவார்கள் என்ற பேச்சு வந்துவிட்டது. ஆரம்பித்தது நான்தான்.

ராத்திரி தூக்கம் வரவில்லை. டால்ஸ்டாயின் 'இவான் இலியிச்சின் மரணம்' எடுத்தேன். 1886ல் வெளிவந்த கதை, கல்லூரி நாளில் படித்தது. முதல் அத்தியாயத்திலேயே மாட்டிக்கொண்டேன். நீதிமன்றத்தில் இடைவேளை. ஒருவர் பேப்பரைப் பார்த்துவிட்டு இவான் இலியிச் இறந்த செய்தியைச் சொல்கிறார். உடனே ஒருவர் மனதில் 800 ரூபிள் சம்பள உயர்வு ஓடுகிறது. இன்னொருவர் கலூகாவில் இருக்கும் மைத்துனருக்கு மாற்றல் வாங்கிவிடலாம் என்று கணக்குப் போடுகிறார். அப்புறம், செத்தது அவன்தானே, நான் இல்லையே என்கிற நிம்மதி.

எங்கள் ஆட்டோவில் 140 வருடம் முன்பே டால்ஸ்டாய் ஏறி உட்கார்ந்திருக்கிறார்.

பிப்ரவரி 4

மாதக் கணக்கு வேலை. ஐந்து பக்கம்கூட ஓடவில்லை. துக்கம் விசாரிக்க வந்த நண்பர் உட்காரும் இருக்கையின் ஸ்பிரிங், அவர் எழும்போதெல்லாம் துள்ளுகிறது. கண்ணைத் துடைத்துக்கொண்டே விதவை கேட்பது, அரசாங்கத்திடமிருந்து இன்னும் கொஞ்சம் பணம் பெயருமா என்று. சாவு வீட்டில் சிரிக்க வைக்கிறார் மனிதர்.

பிப்ரவரி 6

இன்று நிறையப் படித்தேன். நீதிபதியான இவான் இலியிச், புது வீட்டில் திரைச்சீலையை எப்படித் தொங்கவிடுவது என்று ஆளுக்குக் காட்ட ஏணியில் ஏறி, சறுக்கி, விலாவில் ஒரு இடி. அவ்வளவுதான் ஆரம்பம். பார்க்கும் டாக்டருக்கோ இவன் பிழைப்பானா என்பது பிரச்சினையே இல்லை. கோளாறு சிறுநீரகத்திலா குடல்வாலிலா, அதுதான் வழக்கு. கூண்டில் நிற்பவர்களிடம் தான் காட்டிய அதே தோரணையை டாக்டரிடம் பார்க்கிறான் நீதிபதி.

அப்புறம் அந்த தர்க்கப் பாடம். 'கேயஸ் ஒரு மனிதன், மனிதர் சாவர், எனவே கேயஸ் சாவான்.' கேயஸுக்கு அது சரி. ஆனால் கோடு போட்ட தோல் பந்தின் வாசனையை கேயஸ் அறிவானா? அம்மாவின் கையை அப்படி முத்தமிட்டவன் அவனா? இந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்தேன். எனக்கும் ஒரு பந்து இருந்தது.

பிப்ரவரி 7

சுற்றியிருப்பவர்கள் எல்லோரும் 'சரியாகிவிடும்' என்கிறார்கள். வலியைவிட அந்தப் பொய்தான் அவனை வதைக்கிறது. கெராசிம் என்ற வேலைக்காரப் பையன் மட்டும் அதைச் சொல்லவில்லை. மலச்சட்டியை எடுக்கிறான், எஜமானின் கால்களைத் தன் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு ராத்திரியெல்லாம் உட்கார்ந்திருக்கிறான். எல்லோரும் சாகத்தானே போகிறோம், இதில் எனக்கென்ன சிரமம் என்கிறான். கதையில் தத்துவம் பேசத் தகுதியுள்ள ஒரே ஆள், அவன் பேசுவது இவ்வளவுதான்.

இவான் இலியிச் பாத்திரத்துக்கு முன்மாதிரி, ரஷ்யாவின் துலா நகர நீதிமன்றத்தில் பணியாற்றி 1881ல் இறந்த இவான் இலியிச் மெச்னிகோவ். அவருடைய தம்பிதான் 1908ல் மருத்துவ நோபல் வாங்கிய இலியா மெச்னிகோவ். புளித்த பால் சாப்பிட்டால் ஆயுள் நீளும் என்று சொன்னவர்! அண்ணனுக்கு அந்தக் கதை, தம்பிக்கு இந்த ஆராய்ச்சி.

பிப்ரவரி 9

முடித்துவிட்டேன். மூன்று நாள் அலறல், கறுப்புச் சாக்கு, கடைசியில் சாவுக்குப் பதிலாக வெளிச்சம். அந்த வெளிச்சத்தை என்னால் முழுதாக நம்ப முடியவில்லை. டால்ஸ்டாய் நம்ப ஆசைப்பட்டார் என்றுதான் படுகிறது. நான் நம்பியது பள்ளிக்கூடப் பையன் அப்பாவின் கையைப் பிடித்து உதட்டில் வைத்து அழுவதை. 'மன்னித்துவிடு' என்று சொல்ல நினைத்து இவான் இலியிச்சின் வாய் குழறுகிறது. ரஷ்யனில் 'புரஸ்தீ' என்பது 'புரபுஸ்தீ' ஆகிவிடுகிறது: 'வழி விடு'. திருத்தத் தெம்பில்லை, புரிய வேண்டியவருக்குப் புரியும் என்று விட்டுவிடுகிறான். தமிழில் குழறவே வேண்டாம், 'மன்னித்துவிடு'வுக்குள்ளேயே 'விடு' இருக்கிறது.

பிப்ரவரி 12

டால்ஸ்டாயின் 'வாக்குமூல'த்தைத் தேடிப் படித்தேன். பேர், பணம், குடும்பம் எல்லாம் இருந்தும், தூக்கு மாட்டிக்கொள்வோமோ என்று பயந்து கயிற்றை ஒளித்து வைத்தாராம். அதில் ஒரு கிழக்கத்திய கதை சொல்கிறார். மிருகம் துரத்த, பாழுங்கிணற்றில் கிளையைப் பிடித்துத் தொங்குகிறான் ஒருவன். கீழே டிராகன். கறுப்பும் வெளுப்புமாக இரண்டு எலிகள் கிளையைக் கறும்புகின்றன. அவனோ இலையில் வழியும் தேனை நக்குகிறான். இது நம் பழைய தமிழ்க் காப்பியம் 'சூளாமணி'யில் இருக்கிறதே! யானை துரத்துகிறது, குழியில் பாம்பு, தேன் துளி, மனிதர் இன்பம் இவ்வளவுதான் என்று நாலே அடி.

தன் இரண்டு சொட்டுத் தேன், குடும்பமும் எழுத்தும், இனி இனிக்கவில்லை என்கிறார் டால்ஸ்டாய். சரி. அதற்குப் பிறகு முப்பது வருடம் எழுதினார். 82 வயதில் வீட்டை விட்டுக் கிளம்பி, அஸ்தாபவோ ரயில் நிலையத்தில் படுத்துவிட்டார். பழைய ரஷ்யக் காலண்டர்படி 1910 நவம்பர் 7ல் இறந்தார். நாட்குறிப்பில் கடைசியாக எழுதியது 3ஆம் தேதி. அதில் ஒரு பிரெஞ்சுப் பழமொழியைத் தொடங்கி, பாதி வார்த்தையில் விட்டிருக்கிறார்.