பிரிட்டனில் மகப்பேறு விடுப்பு: வேலை மாறும் முன் போட்ட கணக்கு

2024-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், குழந்தை பெற்றுக்கொள்ளலாம் என்று நானும் கணவரும் முடிவெடுத்த அதே சமயத்தில், மான்செஸ்டரிலேயே வேறொரு மென்பொருள் நிறுவனம் கூடுதல் சம்பளத்துடன் என்னை வேலைக்கு அழைத்தது. நான் ஸ்கில்டு ஒர்க்கர் விசா எனப்படும் வேலை விசாவில் இருந்ததால், வேலை மாறினால் புதிய ஸ்பான்சரின், அதாவது விசாவுக்குப் பொறுப்பேற்கும் புதிய நிறுவனத்தின், பெயரில் விசாவுக்கு மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். அதைவிட என்னை யோசிக்க வைத்தது மகப்பேற்று ஊதியம்.

இங்கே 52 வார விடுப்பு, பணியில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே எந்த ஊழியருக்கும் உண்டு, ஊதியத்துக்குத்தான் நிபந்தனை. பிரசவம் எதிர்பார்க்கப்படும் வாரத்துக்கு முந்தைய 15-ஆவது வாரத்தில், அதே நிறுவனத்தில் தொடர்ந்து 26 வாரங்கள் வேலை செய்திருக்க வேண்டும். இரண்டையும் கூட்டினால் ஏறக்குறைய முழுக் கர்ப்பக் காலமே வந்துவிடுகிறது. அதாவது, கருத்தரிக்கும்போதே அந்த வேலையில் இருந்தாக வேண்டும். எக்செல் தாளில் ஒரு பக்கம் உத்தேசப் பிரசவ மாதங்களையும் மறு பக்கம் புதிய நிறுவனத்தில் சேரக்கூடிய தேதிகளையும் எழுதிப் பார்த்தேன். விசா வந்து சேர ஆகும் காலத்தையும் கணக்கில் எடுத்தால் எதுவுமே ஒத்துவரவில்லை. தகுதி தவறியவர்களுக்கு மெட்டர்னிட்டி அலவன்ஸ் என்ற அரசு உதவி உண்டென்றாலும், முதல் 6 வாரங்களுக்குச் சராசரிச் சம்பளத்தில் 90 விழுக்காடு என்ற சலுகையை இழக்க எனக்கு மனமில்லை. பழைய வேலையிலேயே இருந்துவிட்டேன்.

அந்த 6 வாரங்களுக்குப் பிறகு வரும் 33 வாரங்களுக்கு, 2024-25 கணக்கில், வாரத்துக்கு அதிகபட்சம் 184.03 பவுண்டு, மீதி 13 வாரங்களுக்கு ஒன்றும் இல்லை. சென்னையில் இருக்கும் தோழிகள் 26 வாரமும் முழுச் சம்பளம் வாங்குகிறார்கள் என்பதை நினைத்தால் வயிறு எரியத்தான் செய்தது. தாராளமாகக் கொடுக்கும் நிறுவனங்கள் இங்கேயும் உண்டு; எங்களுடையது அந்த ரகம் இல்லை.

ஓர் ஆண்டில் 4 வாரங்களுக்கு மேல் சம்பளமில்லாமல் இருந்தால் ஸ்பான்சர்ஷிப் ரத்தாகலாம் என்று எங்கள் எச்.ஆர். பிரிவில் பயமுறுத்தினார்கள். சட்டப்படியான மகப்பேறு விடுப்புக்கு அந்த விதியில் விலக்கு உண்டு என்பதை உள்துறை அமைச்சகத்தின் வழிகாட்டுதலிலிருந்து எடுத்துக்காட்டி, எழுத்தில் பதில் வாங்கிக்கொண்டேன். விசாவில் இருப்பவர்கள் பெறக்கூடாத அரசு உதவிகளான 'பொது நிதி'யில் மகப்பேற்று ஊதியம் சேராது என்பதால் அதைப் பெறுவதற்கும் விசா தடையில்லை. குழந்தைகளுக்கான அரசு உதவித்தொகையான சைல்டு பெனிஃபிட் மட்டும் நமக்குக் கிடையாது. கர்ப்பத்தின் 20 வாரங்களுக்குப் பின் மிட்வைஃப் (பேறுகாலச் செவிலியர்) தந்த, கர்ப்பத்தை உறுதிசெய்யும் மேட் பி1 சான்றிதழைக் கொடுத்த பிறகு அலுவலகத்தில் வேறு கேள்வி எழவில்லை.

தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்று கோயம்புத்தூரில் அம்மா பிடிவாதமாக இருந்தார். ஏழாம் மாதம் வளைகாப்பு முடித்து அங்கேயே தங்கி, பிரசவமாகி, குழந்தைக்கு மூன்று மாதமான பிறகு திரும்புவதென்றால் 180 நாட்கள் தாண்டிவிடக்கூடும். எந்த 12 மாதத்திலும் அதற்கு மேல் நாட்டைவிட்டு வெளியே இருந்தால், நிரந்தரக் குடியிருப்புக்காகச் சேர்த்துவந்த ஆண்டுகள் அறுபட்டுவிடும். விசாவுடன் மருத்துவக் கூடுதல் கட்டணத்தை ஏற்கெனவே கட்டியிருந்ததால் என்.எச்.எஸ். எனப்படும் அரசு மருத்துவச் சேவையின் மருத்துவமனையில் பிரசவத்துக்குத் தனிச் செலவும் இல்லை. கடைசியில் அம்மாதான் வருகையாளர் விசாவில் வந்தார். பெட்டி நிறையப் பிரசவ லேகியமும் சுக்குப் பொடியும் வந்தன.

பெற்றோர் இருவருமே தற்காலிக விசாவில் இருந்ததால், இங்கே பிறந்த மகள் பிரிட்டிஷ் குடிமகள் இல்லை. நாட்டுக்குள் இருக்கும்வரை அவளுக்கு விசா கட்டாயமில்லை. வெளியே போய்த் திரும்பி வருவதற்குத்தான் விசா வேண்டும். முதலில் 42 நாட்களுக்குள் பிறப்புப் பதிவு, அடுத்து இந்தியத் தூதரகத்தில் பிறப்பைப் பதிந்து பாஸ்போர்ட், அதன் பிறகே சார்ந்தோர் விசா. அதற்கும் ஆண்டுக்கு 776 பவுண்டு மருத்துவக் கூடுதல் கட்டணம் தனியே கட்டினோம். அந்த விசா கைக்கு வரும்வரை கோயம்புத்தூருக்கு விமான டிக்கெட் எடுக்கவில்லை.