ஷிமோகிட்டாசாவாவின் நிலவறை இசை

டோக்கியோவின் ஷிபுயாவிலிருந்து இனோகாஷிரா தடத்து விரைவு ரயிலில் ஏறினால், ஐந்து நிமிடத்துக்குள் ஷிமோகிட்டாசாவா வந்துவிடுகிறது. போர்க்காலக் குண்டுவீச்சில் பெரும்பாலும் தப்பிய பகுதி என்பதால், வளைந்து நெளியும் பழைய சந்துகள் இன்னும் இருக்கின்றன. கார்கள் எளிதில் நுழைய முடியாத அந்தக் குறுகலே சிறு கடைகளையும் சிறு அரங்குகளையும் வாழவைத்திருக்கிறது என்பது என் எண்ணம்.

மாலை வரை பழைய துணிக்கடைகளிலும் இசைத்தட்டுக் கடைகளிலும் சுற்றினேன். இசைத்தட்டு உறையின் இடப்பக்கத்தைச் சுற்றி வரும் ‘ஓபி’ என்னும் காகிதப் பட்டை கிழியாமல் இருந்தால் தட்டின் மதிப்பே கூடிவிடும். அதனால் அங்கே இளைஞர்கள் தட்டுகளை நுனிவிரல்களால் அவ்வளவு பதமாகப் புரட்டுகிறார்கள். 2013இல் ஒடாக்யூ ரயில் தடம் நிலத்துக்கடியில் சென்ற பிறகு, மேலே கிடைத்த ஏறத்தாழ 1.7 கிலோமீட்டர் நிலத்தில் புதிய கடைகளும் நடைபாதைகளும் வந்துள்ளன. அவை அழகானவைதாம், ஆயினும் என் மனம் சந்துகளிலேயே நின்றது.

இருட்டியதும் ‘லைவ் ஹவுஸ்’ எனப்படும் இசைக்கூடங்கள் திறக்கின்றன. 1975இல் இங்கே ‘லாஃப்ட்’ தொடங்கப்பட்டது. 1991இல் வந்த ‘ஷெல்டர்’ இன்றும் நிலவறையில்தான் இயங்குகிறது. நான் சென்ற கூடமும் செங்குத்தான படிகளுக்குக் கீழே இருந்தது. நுழைவுச்சீட்டுடன் ஒரு பானத்துக்கும் கட்டாயம் பணம் செலுத்த வேண்டும். வாசலில் இருந்த பெண், “இன்று எந்தக் குழுவைப் பார்க்க வந்தீர்கள்?” என்று கேட்டு, நான் சொன்ன குழுவின் பெயருக்கு நேரே தாளில் ஒரு கோடு போட்டார். எந்தக் குழுவுக்காக எத்தனை பேர் வந்தார்கள் என்ற கணக்கு அது. பல கூடங்களில் ஒவ்வொரு குழுவும் குறிப்பிட்ட எண்ணிக்கையில் சீட்டு விற்றாக வேண்டும். குறைந்தால் அந்தத் தொகையை இசைக்கலைஞர்களே ஈடுகட்ட வேண்டியிருக்கும். பகலில் வேறு வேலை பார்த்து, இரவில் தம் பணத்தையும் வைத்து அரை மணி நேரம் வாசிப்பவர்கள் மீது அந்தக் கணமே எனக்குப் பெரும் மரியாதை பிறந்தது.

மேடைக்கும் எனக்கும் கையெட்டும் தூரமே. பேஸ் கிட்டாரின் அதிர்வு தரை வழியாக முழங்கால் வரை ஏறியது. வாசித்து முடித்ததும் கலைஞர்கள் தம் கருவிகளைத் தாமே எடுத்துவைத்து, அடுத்த குழுவைக் கேட்கக் கூட்டத்தில் வந்து நின்றார்கள்.

இங்கே செல்பவர்கள் வெளியே பலகையில் இருக்கும் குழுக்களின் பெயர்களை முதலில் பார்த்து, ஒன்றைத் தேர்ந்துகொண்டு படியிறங்குங்கள். நீங்கள் சொல்லும் பெயருக்கு நேரே அன்றிரவு ஒரு கோடு கூடும்.