பட்டினியில்தான் வேட்டையாடும் பூஞ்சை

பயிரின் வேரைத் தாக்கும் நூல்போன்ற நுண்புழுதான் நூற்புழு. அதைப் பிடிக்கும் பூஞ்சையைத் தேடுகிறவருக்கு முதலில் வேண்டியது அந்த நூற்புழுவே. கோவையில் முதுகலை ஆய்வு செய்தபோது ஆரம்ப மாதங்கள் எனக்குப் புழு வளர்ப்பதிலேயே போயின. பூஞ்சைக்கு எப்போது வருவோம் என்று தவிப்பாக இருக்கும். ஆனால் நல்ல புழு கையிருப்பில் இல்லாமல் பின்னால் எந்தச் சோதனையும் நகராது. இதே தலைப்பில் இறங்கும் தம்பி தங்கைகளுக்காக நான் கடந்து வந்ததை எழுதுகிறேன்.

நான் எடுத்துக்கொண்டது தக்காளியைத் தாக்கும் வேர்முடிச்சு நூற்புழு, மெலாய்டோகைனே இன்காக்னிட்டா. தொண்டாமுத்தூர் பக்கம் ஒரு தோட்டத்தில் செடிகள் உச்சி வெயிலில் துவண்டு, பொழுது சாய்ந்ததும் நிமிர்ந்துகொண்டிருந்தன. தண்ணீர் போதவில்லை என்று தோட்டக்காரர் கூடுதலாகப் பாய்ச்சிக்கொண்டிருந்தார். ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தால் வேரெல்லாம் முடிச்சு. அரை மில்லிமீட்டர்கூட இல்லாத இளம்புழு வேர்நுனிப் பக்கமாக நுழைகிறது. உள்ளே சில செல்களைப் பூதாகரமாக வளரவைத்து, அங்கேயே தங்கிச் சாற்றை உறிஞ்சுகிறது. பெண்புழு உருண்டு உப்பி, பசைபோன்ற ஒரு பொதிக்குள் சில நூறு முட்டைகளை இடுகிறது. நம் ஊர் வெப்பத்தில் ஒரு தலைமுறைக்கு ஏறக்குறைய ஒரு மாதம் போதும். ஒரே தக்காளிப் பட்டத்தில் பல தலைமுறை ஆகிவிடும்.

அந்த வேரிலிருந்து ஒரே ஒரு முட்டைப்பொதியை எடுத்து, நீராவியில் சுத்தம் செய்த மண்ணில் வளர்ந்த பூசா ரூபி ரகத் தக்காளி நாற்றுக்கு விட்டேன். ஒரே பொதியிலிருந்து தொடங்கினால்தான் வேறு இனம் கலக்காது. பிறகு வேர்களை நறுக்கி, நீர்த்த சோடியம் ஹைப்போகுளோரைட்டில் (சலவை வெளுப்பான்) குலுக்கி, சல்லடைகளில் வடித்தால் முட்டைகள் தனியாகக் கிடைக்கும். பூஞ்சைக்கு இரையாகப் போட இந்தப் புழுவை வீணாக்க வேண்டாம். ஓட்ஸ் கஞ்சியில் கொத்துக்கொத்தாகப் பெருகும் பானாக்ரெல்லஸ் என்ற வேறொரு நூற்புழு போதும்.

அப்புறம்தான் பூஞ்சை. தண்ணீரும், அதை உறையவைக்கும் கடற்பாசிக் கூழான அகார் 2 சதவீதமும் மட்டும் சேர்ந்த தட்டில் சிட்டிகை மண்ணைத் தூவி, மேலே இரைப்புழுக்களைச் சொட்டவிட வேண்டும். தட்டில் சத்து எதுவும் இருக்கக் கூடாது. சத்துள்ள ஊடகமாக (வளர்ப்புக் கூழாக) இருந்தால் ரைசோபஸ், ஆஸ்பர்ஜில்லஸ் போன்ற சாதாரணப் பூஞ்சைகள் இரண்டு நாளில் மூடிவிடும், நாம் தேடுவது அடியில் அமுங்கிப் போகும். வாரக்கணக்கில் காத்திருந்து, தினமும் மைக்ரோஸ்கோப்பில் தட்டு முழுக்கத் துழாவ வேண்டும். சாணக்குப்பை ஓரத்து மண்ணும் வாழைச்சருகு மக்கிய மண்ணும் எனக்கு நன்றாகக் கைகொடுத்தன. இந்தக் கட்டத்தில் பெரிய எதிரி சிற்றுண்ணி. ஒரு தட்டில் ஏறினால் அலமாரி முழுக்க வித்துகளைக் காலில் ஒட்டிக் கடத்திவிடும். தட்டுகளைப் பாராஃபிலிம் என்ற இழுபடும் ஒட்டுத்தாள் சுற்றி மூடுங்கள், சோம்பல் வேண்டாம்.

முதன்முதலாகப் பொறியில் மாட்டிய புழுவைப் பார்த்ததை மறக்கவே முடியாது. ஆர்த்ரோபாட்ரிஸ் ஒலிகோஸ்போரா தன் இழைகளை வளைத்து, பிசுபிசுப்பான கண்ணிகளைக் கோத்து வலை பின்னுகிறது. உரசிப் போன புழு ஒட்டிக்கொள்கிறது. துள்ளுகிறது, முறுக்குகிறது, மெல்ல அடங்குகிறது. பூஞ்சை தோலைத் துளைத்து உள்ளே போய் ஒரு குமிழாக உப்பி, அங்கிருந்து இழைகளை விட்டு உடலை நிரப்புகிறது. ஒரு பூஞ்சை புழுவைப் பிடித்துத் தின்கிறது என்பதை 1888-இல் ஜெர்மனியின் ஸோப்ஃப் பதிவு செய்தார். வேறு சில இனங்கள் மூன்று செல்லால் ஆன வளையம் வைத்திருக்கும். புழு தலையை நுழைத்ததும் அந்தச் செல்கள் உப்பி, நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் இறுகிவிடும். அது என் மண்ணில் கிடைக்கவே இல்லை, இன்றும் அந்த ஏக்கம் உண்டு.

இந்த வலைப் பூஞ்சையைச் சத்துள்ள ஊடகத்துக்கு மாற்றினால் வெள்ளையாகப் படர்ந்து செழிக்கும், பொறி ஒன்றுகூட வைக்காது. மறுபடி வெறும் அகாருக்குக் கொண்டுவந்து புழுவை விட்டால் மறுநாளே வலை விரிக்கும். புழுக்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளச் சுரக்கும் அஸ்கரோசைடு என்ற சேர்மங்களை இந்தப் பூஞ்சை உணர்ந்து பொறி வைக்கிறது என்று 2013-இல் ஓர் ஆய்வு காட்டியது. அதுவும் பட்டினி கிடக்கும்போதுதான். தட்டில் கண்ட வீரத்தை வயலிலும் எதிர்பார்க்கலாமா என்ற சந்தேகம் எனக்கு இங்கேதான் பிறந்தது. தொழுவுரம் போட்ட மண்ணில் வேறு தீனி இருக்கும்போது அது எதற்காக வேட்டையாட வேண்டும்? போதாததற்கு, வேர்முடிச்சுப் புழு முட்டையிலிருந்து வந்து வேருக்குள் நுழையும்வரைதான் வெளியே திரிகிறது. பொறிக்குக் கிடைக்கும் அவகாசம் குறைவு.

அதனால் முட்டையைத் தாக்கும் பூஞ்சை பக்கம் திரும்பினேன். இதில் பெயர்பெற்றது பர்ப்யூரியோசிலியம் லைலசினம். பெருவில் ஜட்டாலாவும் உடன் உழைத்தவர்களும் இதை வேர்முடிச்சுப் புழுவின் முட்டைகளில் கண்டு 1979-இல் எழுதினார்கள். 2011 வரை இதற்குப் பெசிலோமைசிஸ் லைலசினஸ் என்றுதான் பெயர், பழைய கட்டுரைகளைத் தேடும்போது அந்தப் பெயரையும் போட்டுத் தேடுங்கள். வயலில் எடுத்த முட்டைப்பொதிகளை மேற்பரப்பு மட்டும் சுத்தம் செய்து, பாக்டீரியாவைத் தடுக்கும் ஸ்ட்ரெப்டோமைசின் மருந்து கலந்த அகாரில் வைத்தேன். சில முட்டைகளிலிருந்து இழை கிளம்பியது. உருளைக்கிழங்கு டெக்ஸ்ட்ரோஸ் ஊடகத்தில் அது இளம் ஊதா நிறத்தில் வளர்ந்தது. கையுறை, முகக்கவசம், கண்ணாடி மூன்றும் கட்டாயம் போடுங்கள். இந்தப் பூஞ்சையால் மனிதக் கண்ணிலும் தொற்று வந்த பதிவுகள் இருக்கின்றன.

தொட்டிச் சோதனையில், சுத்தம் செய்த மண்ணில் இரண்டு பூஞ்சைகளுமே முடிச்சைக் குறைத்தன. அதே சோதனையைச் சாதாரண வயல்மண்ணில் செய்தபோது வலைப் பூஞ்சை படுத்துவிட்டது. மண்ணில் ஏற்கெனவே குடியிருக்கும் நுண்ணுயிர்கள் புதிதாக வருகிறதை முளைக்க விடுவதில்லை. முட்டைப் பூஞ்சையும் தளர்ந்தது, ஆனால் வேப்பம்புண்ணாக்கில் பெருக்கி நாற்றங்கால் மண்ணிலேயே கலந்தபோது ஓரளவு தாக்குப்பிடித்தது. மருந்துபோல நினைக்காமல் நாற்றோடு குடியேற்ற வேண்டிய உயிர் இது என்று இப்போது உறுதியாக நம்புகிறேன். "எத்தனை மூட்டை போட்டா இந்தச் செடி பொழைக்கும்?" என்று தோட்டக்காரர் கேட்டார். நிற்கிற பயிரை இதனால் மீட்க முடியாது, அறுவடை முடிந்ததும் வேர்களைப் பிடுங்கி எரித்துவிட்டு அடுத்த பட்டத்துக்குச் செண்டுமல்லி போடுங்கள் என்றேன். அவருக்கு வருத்தம்தான். ஆனாலும் பொய் நம்பிக்கை கொடுக்க மனம் வரவில்லை.

கடைசியாக, பூஞ்சையைத் திரும்பத் திரும்பத் தட்டிலேயே மாற்றி வளர்த்தால் தாக்கும் வலு குறையலாம். அவ்வப்போது புழு முட்டைகளில் ஏற்றி, அந்த முட்டையிலிருந்து மறுபடி பிரித்தெடுங்கள். டிஎன்ஏ வரிசை பார்த்து இனத்தை உறுதி செய்ததும், ஒரு பிரதியை உத்தரப் பிரதேசத்தின் மவூவில் உள்ள தேசிய வேளாண் நுண்ணுயிர்ச் சேகரிப்புக்கு அனுப்பிவைக்கலாம். தொட்டியில் வேலை செய்ததா என்று பார்க்க முடிச்சை எண்ணுவது மட்டும் போதாது. வேரிலுள்ள முட்டைகளிலிருந்து அதே பூஞ்சையைத் திரும்ப எடுத்துக் காட்டுங்கள், ஆய்வேட்டுத் தேர்வில் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும்.