காது இரைச்சலும் வெதுவெதுப்பான எண்ணெயும்

நூற்பாலையில் நூல் நூற்கும் ரிங் ஃபிரேம் இயந்திரப் பகுதியில் 27 ஆண்டுகள் வேலை பார்த்தவனின் காதில் இரைச்சல் தங்கிவிட்டதில் வியப்பொன்றும் இல்லை. ஓய்வு பெற்ற பிறகுதான் அது எனக்குத் தெரிந்தது. பகலில் வீட்டுச் சத்தங்களுக்குள் மறைந்து கிடந்து, இரவில் விளக்கை அணைத்ததும் இடது காதில் ஒரு சில்வண்டு கத்தத் தொடங்கும். சென்ற ஆண்டு இதனுடன் தலைச்சுற்றலும் சேர்ந்துகொண்டது. படுக்கையில் வலப்பக்கம் புரண்டால் அறையே ராட்டினம்போல் சுழன்று, அரை நிமிடத்திற்குள் நின்றுவிடும். பித்தம் தலைக்கேறிவிட்டது என்று என் மனைவி இஞ்சிச் சாற்றில் தேன் கலந்து கொடுத்தாள். குமட்டல் அடங்கியது, சுற்றல் அடங்கவில்லை.

கோயம்புத்தூரில் கேரள முறையில் சிகிச்சை செய்யும் ஆயுர்வேத மருத்துவர் ஒருவரிடம் போனபோது, எண்ணெயும் கஷாயமும் எழுதித் தருவார் என்றே எதிர்பார்த்தேன். அவரோ, உங்களுக்கு இருப்பது ஒரு நோயல்ல, இரண்டு என்று சொல்லிவிட்டு, இரைச்சலுக்குக் கர்ணநாதம் என்றும் சுற்றலுக்குப் பிரமம் என்றும் தனித்தனியாகப் பெயர் எழுதினார். பழைய ஆயுர்வேத நூலான சுசுருத சம்ஹிதையின் இறுதிப் பகுதியாகிய உத்தரதந்திரம் காது நோய்களை 28 ஆக எண்ணி, ஒலியைச் சுமக்கும் நாடிகளில் வாயு வழிதவறிப் புகுந்து தங்குவதால் இரைச்சல் தோன்றுகிறது என்கிறது. நோய்களை இனங்காணச் சொல்லும் மாதவ நிதானம் என்ற நூலோ இன்னும் நுணுக்கமாக, அந்நோயாளிக்குப் பேரிகை, மிருதங்கம், சங்கு ஆகியவற்றின் ஓசை கேட்கும் என்று வருணிக்கிறது. புல்லாங்குழல் போன்ற ஓசை கேட்டால் அதற்குக் கர்ணக்ஷ்வேடம் என்று வேறு பெயர். என் காதுக்கு வாத்தியம் எதுவும் வாய்க்கவில்லை, சில்வண்டுதான் வாய்த்தது. பிரமத்திற்கு அதே நூல் ரஜோகுணம் (மனத்தின் பரபரப்பு), பித்தம், வாதம் ஆகிய மூன்றையும் காரணமாகச் சொல்வதால், என் மனைவி சொன்ன பித்தமும் முற்றிலும் தவறில்லை என்று தெரிந்தது.

செவிப்பறையில் ஓட்டையோ சீழோ இல்லை என்பதை உறுதிசெய்யாமல் ஒரு சொட்டு எண்ணெய்கூட விட முடியாது என்று கூறி, அவர் என்னைக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்பினார். அவர் மீது எனக்கு நம்பிக்கை பிறந்தது இந்த இடத்தில்தான். அங்கே எடுத்த கேட்டல் வரைபடத்தில், ஆலை இரைச்சலால் கெட்ட காதுகளில் வழக்கமாகக் காணப்படுவதுபோல, 4,000 ஹெர்ட்ஸ் அருகே கோடு பள்ளமாக இறங்கியிருந்தது. சுற்றலுக்கான காரணம் வேறு. உட்செவியில் உடல் சாய்வை உணர்த்தும் பையில் ஒட்டியிருக்கும் கால்சியம் கார்பனேட் துகள்கள் சில கழன்று அரைவட்டக் குழாய்க்குள் விழுந்திருந்தன. மருத்துவர் என் தலையை வலப்புறம் திருப்பிச் சட்டென்று மல்லாக்கச் சாய்த்து, கண்கள் துடிப்பதைப் பார்த்து உறுதிசெய்துகொண்டார். பின்னர் எப்ளி முறைப்படி தலையைப் படிப்படியாகத் திருப்பி அத்துகள்களை வெளியேற்றினார். ஒரு வாரம் கழித்து மறுமுறை செய்ததும் சுற்றல் நின்றுவிட்டது. ஆகவே என் தலைச்சுற்றலைத் தீர்த்தது ஆயுர்வேதம் என்று நான் சொல்லிக்கொள்ள முடியாது.

இரைச்சலுக்கு மட்டும் கர்ணபூரணம், அதாவது காதில் எண்ணெய் நிறைக்கும் சிகிச்சையை, ஏழு நாளுக்குத் தொடங்கினோம். காதைச் சுற்றியும் பிடரியிலும் எண்ணெய் தேய்த்து, இளஞ்சூடான ஆவி காட்டி, ஒருக்களித்துப் படுக்கவைத்து, காதுத் துளை நிறையும்வரை க்ஷீரபலா தைலத்தை விட்டார்கள். குறுந்தொட்டி வேர், பால், நல்லெண்ணெய் ஆகியவற்றைச் சேர்த்துக் காய்ச்சும் இந்தத் தைலத்தை 101 முறை திரும்பத் திரும்பக் காய்ச்சியதும் உண்டு. அதில் சில சொட்டுகளை இரவில் பாலில் விட்டுக் குடிக்கச் சொன்னார். காது நோய்க்கு எண்ணெயை 100 மாத்திரை நேரம் நிறுத்த வேண்டும் என்பது சார்ங்கதர சம்ஹிதை என்ற ஆயுர்வேத நூலின் கணக்கு. முழங்காலைக் கையால் ஒருமுறை சுற்றிச் சொடுக்குப் போடும் நேரம் ஒரு மாத்திரை. படுத்தபடி நானும் எண்ணிப் பார்த்து அறுபதுக்குமேல் தூங்கிப்போனேன்.

எண்ணெய் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும் என்ற விதியை நெடுநாள் சம்பிரதாயம் என்றே நினைத்திருந்தேன். வியன்னாவில் ராபர்ட் பாரனி என்ற மருத்துவர், நோயாளிகளின் காதைக் குளிர்ந்த நீரால் கழுவும்போது அவர்களுக்குத் தலை சுற்றுவதையும், நீரின் சூடு மாறினால் கண் துடிக்கும் திசையும் மாறுவதையும் கவனித்து, உட்செவியே உடலின் சமநிலையைக் காக்கும் விதத்தை விளக்கி 1914ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பெற்றார். உடல் சூட்டைவிடக் குளிர்ந்ததையோ மிகச் சூடானதையோ காதில் விட்டால், உட்செவியின் திரவம் அசைந்து, இல்லாத சுற்றலும் வந்துவிடும். சனிக்கிழமை எண்ணெய்க் குளியலின்போது பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயைச் சூடு ஆறுவதற்குள் என் அம்மா காதில் ஊற்றியதும், எழுந்ததும் நான் சுவரைப் பிடித்துக்கொண்டதும் அப்போது நினைவுக்கு வந்தன.

எண்ணெயைவிடப் பத்தியமே எனக்குக் கூடுதலாகப் பயன்பட்டது என்பது என் எண்ணம். காது நோய்களுக்கெல்லாம் பொதுவாக நெய் பருகுதல், கடும் உடற்பயிற்சி தவிர்த்தல், தலைக்குக் குளிக்காதிருத்தல், அதிகம் பேசாதிருத்தல் ஆகியவற்றைச் சுசுருதர் விதிக்கிறார். அந்த ஏழு நாளும் கைப்பேசியில் சத்தமாகப் பேசுவதை விட்டு, ஒன்பது மணிக்கே படுத்து, இரவுக் காப்பியையும் நிறுத்தினேன். சில்வண்டு போகவில்லை, ஆனால் அதைக் கேட்டபடியே உறங்க முடிந்தது. கெட்டுப்போன கேட்டல் நரம்பைத் தைலம் மீட்டுத் தரும் என்று யாராவது சொன்னால் இனி நம்பமாட்டேன். கர்ண ரோகத்திற்குப் பெயர்பெற்ற சாரிவாதி வடி என்ற மாத்திரையில் அப்பிரக (மைக்கா) பற்பமும் அயப் (இரும்பு) பற்பமும் சேர்வதால், அதை நானாகக் கடையில் வாங்கி விழுங்கவும் மாட்டேன். ஒரு காது திடீரென்று மந்தமாகிவிட்டாலோ, சுற்றலோடு பேச்சுக் குழறினாலோ, ஒரு பக்கம் கை கால் தளர்ந்தாலோ, எண்ணெயைத் தேடாமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பதையும் அந்த வைத்தியரே எழுதிக் கொடுத்திருக்கிறார். இரைச்சல் நாடித்துடிப்போடு ஒத்து அடித்தால் அதற்கும் தாமதமின்றிப் பரிசோதனை வேண்டும் என்றார்.

இப்போது அவர் அனுமதித்தபடி மாதத்திற்கு இருமுறை வீட்டிலேயே எண்ணெய் விட்டுக்கொள்கிறேன். தைலக் கிண்ணத்தை வெந்நீரில் நிறுத்திச் சூடாக்கியபின், குழந்தைக்குப் பால் ஆற்றிப் பார்ப்பதுபோல் என் மனைவி ஒரு சொட்டைத் தன் மணிக்கட்டில் விட்டுப் பார்க்கிறாள். அவள் சரி என்று சொன்ன பிறகுதான் நான் வலப்பக்கமாகப் படுக்கிறேன்.