மங்கும் டீ கோப்பையும்

சிலாங்கூரில் உள்ள பத்தாங் பெர்ஜுந்தைக்கு 2007-இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றினார்கள். பெரியம்மா இன்னும் பழைய பெயரைத்தான் சொல்கிறார். அந்த ஊரிலிருந்து கோலாலம்பூர் கண்காட்சி ஒன்றுக்கு, பொருள்களை அடுக்கிக் காட்டும் நிறுவல் கலைப் படைப்பு கொண்டுபோன கதை இது.

நம் மலேசியாவுக்கு இந்தக் கலை புதிதல்ல. 1974-இலேயே நம் கலைஞர்கள் ரெட்சா பியதாசாவும் சுலைமான் ஈசாவும் எரிந்து முடிந்த கொசுவர்த்திச் சுருளையும் பாதி குடித்த கோக் பாட்டிலையும் காட்சிக்கு வைத்தார்கள். அப்படியென்றால் ரப்பர் பால் பிடிக்கும் எங்கள் மங்குக்கு என்ன குறை என்று நினைத்துத்தான் விண்ணப்பம் போட்டேன். ‘வேர்களும் கண்ணீரும்’ என்று தலைப்பு வைத்து, அடையாளம் என்ற சொல்லை ஆறு இடத்தில் எழுதினேன். உடனே தேர்வாகிவிட்டது. அவ்வளவு சுலபமாகக் கிடைத்தபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்து முன்கட்டில் வைத்து வேலையைத் தொடங்கினேன். ஆளுயர மரத்துண்டில் பால்வெட்டுக் கோடுகளைச் செதுக்கி, கீழே மங்குகளை அடுக்கினேன். முப்பது வருஷம் நிரை பிடித்து வரிசை வரிசையாக மரம் வெட்டிய பெரியம்மா வந்து பார்த்தார்.

“ஏம்மா, இந்த மரத்த யாரு வெட்டுனது? இடது கைக்காரனா?”

கோடுகளை வலமிருந்து இடமாகச் சரித்திருந்தேன். கித்தா மரத்தில், அதாவது ரப்பர் மரத்தில், வெட்டு இடது மேலிருந்து வலது கீழாக இறங்க வேண்டும். பால் குழாய்கள் பட்டைக்குள் அதற்குக் குறுக்கே சாய்ந்து ஏறுவதால், அப்படி வெட்டினால்தான் நிறையக் குழாய்கள் அறுபடும். பெரியம்மா காரணம் எதுவும் சொல்லவில்லை. என் கையிலிருந்து கத்தியை வாங்கி மறுபக்கம் ஒரே இழுப்பில் காட்டினார். பட்டை நூலாகச் சுருண்டு விழுந்தது. மரத்துண்டைத் திருப்பி, அந்தப் பக்கத்தையே முன்னால் வைத்தேன்.

தலைப்பைப் படித்துக் காட்டியதும், “நான் எங்க அழுதேன்?” என்றார். “பெரட்டுக்கு லேட்டா போனா தண்டல்கிட்ட சண்டதான் போடுவேன்.” பெரட்டு என்றால் காலையில் ஆள் கணக்கெடுப்பது, தண்டல் என்றால் வேலை வாங்கும் மேற்பார்வையாளர். தலைப்பை அடித்துவிட்டேன்.

அப்புறம் அமெரிக்கக் கலைஞர் பிரெட் வில்சன் நினைவுக்கு வந்தார். 1992-இல் பால்டிமோர் அருங்காட்சியகம் ஒன்றில், அங்கே இருந்த வெள்ளிக் கூஜாக்களுக்கு நடுவே அடிமை விலங்குகளை வைத்து, ‘உலோக வேலைப்பாடு 1793–1880’ என்று மட்டும் எழுதிவைத்தவர். விளக்கம் இல்லை, ஒப்பாரியும் இல்லை. நானும் துரை பங்களா டீ கோப்பை ஒன்றைத் தேடிப் பிடித்தேன். மங்குக்குப் பக்கத்தில் வைத்து, அட்டையில் ‘பீங்கான்’ என்று எழுதினேன்.

கண்காட்சிப் பொறுப்பாளருக்கு அது பிடிக்கவில்லை. “உங்கள் சமூகத்தின் வலி தெரியவில்லையே, கொஞ்சம் சேலைத் துணி, ஒரு கோலம் சேர்க்கலாமா?” என்று கேட்டார். நல்ல மனுஷர்தான். ஆனால் யார் வலியை யார் ரசிப்பதற்காக அடுக்குகிறோம் என்று எனக்கு எரிச்சல் வந்தது. அந்த எரிச்சலில் பாதி என்மீதே. முதல் விண்ணப்பத்தில் நான் விற்றதும் அதே சரக்குதானே. இன்று எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் செம்பனைதான், அதாவது எண்ணெய்ப்பனை. குலை அறுப்பவர்களில் பலர் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள். அவர்களைப் பற்றி நான் ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை.

கோலம் வரவில்லை. மங்கிலும் மரத்திலும் உறைந்து ஒட்டிய ரப்பர் பாலான ஒட்டுப்பாலையும் வைக்க நினைத்தேன்; அதில்தான் பேரம் நடந்தது. நாற்றம் அடிக்கும், கூடாது என்றார்கள். கடைசியில் மூடிபோட்ட டின்னில் வைக்க ஒத்துக்கொண்டார்கள். மோந்து பார்க்க விரும்புகிறவர் மட்டும் திறந்துகொள்ளலாம்.

திறப்பு நாளில் பெரியம்மாவை அழைத்துப் போனேன். நேராக டின்னிடம் போனார். மூடியைக் கழற்றினார், குனிந்து மோந்து பார்த்தார், சிரித்தார். பின்னால் நின்ற இரண்டு பேர் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்தார்கள். பெரியம்மா மூடியைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார்.